மெர்சோவின் ரை ரொட்டி

ஒயின் சுவைப்பு பற்றிய எழுத்து என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. எலுமிச்சைத் தோல், வெண்ணெய், நனைந்த கல் என்று வாசனைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தாமஸ் ஜெபர்சனின் பயணக் குறிப்புகள் அப்படியில்லை. மனுஷன் ரொட்டியைப் பார்க்கிறார்.

1787 மார்ச்சில், பிரான்சுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தபோது, பர்கண்டி வழியாகத் தெற்கே போனார். பொமார், வோல்னே கிராமங்களில் நல்ல கோதுமை ரொட்டி சாப்பிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் மெர்சோவில் மட்டமான ரை ரொட்டி. ஏன் என்று விசாரித்திருக்கிறார். மெர்சோ மண்ணில் கல் அதிகம், சிவப்பு ஒயினுக்கு ஆகாது, வெள்ளை மட்டும்தான். வெள்ளையோ அடிக்கடி சொதப்பும், விற்காமல் தேங்கும். அப்புறம் கூலியாளுக்கு எங்கிருந்து கோதுமை? (தன் தோட்டங்களில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்தான் இதையும் கவனிக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.)

அடுத்து விலை. மோன்ராஷே வெள்ளை பாட்டில் 48 சூ. மெர்சோவின் உயர்ந்த சரக்கான கூத் தோர், அதாவது 'பொன் துளி', வெறும் 6 சூ. எட்டு மடங்கு! சுவையில் எட்டு மடங்கு வித்தியாசம் என்று அவர் சொல்லவில்லை. மோன்ராஷே வருஷக்கணக்கில் தாங்கும், மற்றது தாங்காது, அவ்வளவுதான். அடுத்த வயல்களிலும் அதே தரம் விளைகிறது, சொந்தக்காரர்களுக்குப் பெயர் இல்லாததால் விலை போவதில்லை என்ற உள்ளூர்ப் பேச்சையும் எழுதி வைத்திருக்கிறார். பெயரின் மதிப்பு ஊர்க்காரர்களுக்கும் தெரியும்: சுமார் 8 ஹெக்டேர் கொண்ட அந்த வயலின் பெயரை பூலிஞி, ஷசாஞ் என்ற இரண்டு கிராமங்களும் 1879இல் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ஜெபர்சன் என்னமோ கூத் தோரையும் தன் பாரிஸ் வீட்டுக்கு வரவழைத்துக் குடித்தார்.

ஆக, உயர்ந்த வெள்ளை பர்கண்டியை மதிப்பிடுவது என்றால் இன்றைய சுவையோடு நாளைய ஆயுளையும் கணிப்பது. இந்தக் கணக்கு சமீபத்தில் பெரிதாகத் தவறியது. 1990களின் நடுவில், குறிப்பாக 1996இல், விளைந்த பல பாட்டில்கள் பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. வெளிர்பொன் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு, வெட்டி வைத்த ஆப்பிளின் வாடை. அதே பெட்டியில் அடுத்த பாட்டில் அருமையாக இருக்கும், அதுதான் கொடுமை. கந்தகத்தைக் குறைத்தார்கள், பிழியும் முறையை மாற்றினார்கள், கார்க் சரியில்லை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் இவ்வளவு வித்தியாசம் என்பதால் எனக்குக் கார்க் மேல்தான் அதிக சந்தேகம். பூலிஞியின் பெரிய பெயரான தொமேன் லெஃப்லேவ், 2014 விளைச்சலிலிருந்து சாதாரண கார்க்கை விட்டுவிட்டு, கார்க் துகளை அழுத்திச் செய்யும் தியாம் மூடிக்கு மாறிவிட்டது.