கிசுகிசுப்பும் புகார்க் கடிதமும்

வேலை பார்க்கும் பெண்களில் இரண்டு தலைமுறைகள் ஒன்றையொன்று குறை சொல்வதைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்குவமாகப் பேசத் தெரியவில்லை, எதற்கெடுத்தாலும் மெயில் போடுகிறார்கள்" என்பார்கள் மூத்தவர்கள். "நீங்கள் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நாங்கள் இதைச் சுமக்க வேண்டியிருக்காது" என்பார்கள் இளையவர்கள். இதை வயதின் குணம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு இதில் தெரிவது சட்டத்தின் வரலாறு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அக்கா சொன்ன முதல் பாடம்: "அவர் ரூமுக்கு ஃபைல் எடுத்துட்டுப் போறப்ப கதவைத் திறந்தே வெச்சுக்கோ." காரணம் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது. நான் உள்ளே போன ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருத்தி ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பாள். இதை மௌனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயர் சொல்லாமல், எழுத்தில் தடயம் விடாமல் எச்சரித்த ஒரு மொழி அது. அதன் குறையும் உண்மை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடாத துப்புரவுப் பணியாளருக்கு அந்த எச்சரிக்கை எட்டவே இல்லை.

எழுதிக் கொடுத்திருந்தால்? 1988-இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் எழுதிக் கொடுத்தார். சண்டிகரில் ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தன்னிடம் அத்துமீறியதாகப் புகார் செய்தார். யாரும் முறையிடத் தேவையற்ற அற்பத் தீங்கு என்ற சட்டப்பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. தண்டனை இறுதியாக உறுதியானது 2005-இல். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே 17 வருடம் என்றால், ஒரு தட்டச்சுப் பெண் கிசுகிசுத்ததை எப்படிக் குறை சொல்வது?

அதே காலத்தில் உரக்கப் பேசியவர்களும் இருந்தார்கள். ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. குயவர் சாதிப் பெண். ஆதிக்கசாதிக் குடும்பம் ஒன்றின் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றது அவருடைய வேலையின் பகுதி. அதற்காக 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவர் மறைக்கவில்லை, புகார் கொடுத்தார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் அந்தக் கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா நெறிமுறைகள் பிறந்தன. அவற்றைத் தொடர்ந்து 2013-இல் சட்டம் வந்தது. இன்று மெயிலில் "பாலியல் துன்புறுத்தல்" என்று ஓர் இளம்பெண் தயங்காமல் எழுதுகிறாள். அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் எடை வந்தது இப்படித்தான்.

மூத்த தலைமுறையும் பேசாமலே போய்விடவில்லை. 1993-இல் வேலைக்கான நேர்காணலில் நடந்ததைப் பத்திரிகையாளர் பிரியா ரமணி 2018-இல் பெயர் சொல்லி வெளியிட்டார். எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கிலிருந்து 2021-இல் அவரை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழிந்தாலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. 2013 சட்டமோ மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கேட்கிறது. தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் தருகிறது. எழுத முடியாதவருக்கு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது.

அதே சட்டப்படி, உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் உயர் நிலையில் பணிபுரியும் ஒரு பெண். பெரும்பாலும் அவர் என் தலைமுறைக்காரர். இளையவள் எழுதிய கடிதம் வந்து சேர்வது அவருடைய மேசைக்குத்தான். அங்கே "இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே" என்று அவர் தொடங்கினால், அந்தப் புகார் அங்கேயே செத்துவிடும். கதவை ஏன் திறந்து வைக்கச் சொன்னோம் என்பது அவருக்கு நினைவிருந்தால், கடிதத்தில் எழுதாமல் விட்டதையும் அவரால் படிக்க முடியும்.