குதிரைகள் வீழ்ந்த பின்

டெக்சாஸின் வடமேற்கே விரிந்து கிடக்கும் லானோ எஸ்டகாடோ மேட்டுச் சமவெளியில் மரம் அரிது. நீர் அதனினும் அரிது. அந்நிலத்தை நன்கறிந்து வாழ்ந்தவர்கள் கொமாஞ்சி மக்களுள் ஒரு பிரிவினரான குவாஹாடிகள். 1867-இல் மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையின் வழியே அமெரிக்க அரசு சமவெளி மக்களை ஒதுக்கீட்டு நிலத்துள் அடக்க முற்பட்டபோது, பிற பிரிவுகளின் தலைவர்கள் பலர் ஒப்பமிட்டனர். குவாஹாடிகள் ஒப்பவில்லை.

கொமாஞ்சியரிடையே முடிமன்னர் என எவரும் இல்லை. போர்த்திறமும் வாய்மையும் உடையவரைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். அவ்வாறு உயர்ந்தவர் குவானா பார்க்கர். அவருடைய தாய் சிந்தியா ஆன், 1836-இல் சிறுமியாகக் கவர்ந்து செல்லப்பட்டுக் கொமாஞ்சிப் பெண்ணாகவே வளர்ந்த வெள்ளையர் மகள். 1860-இல் டெக்சாஸ் படையினர் அவரை 'மீட்டனர்'. தம் பிள்ளைகளிடம் திரும்ப இயலாமலே அவர் மறைந்தார்.

1871-இல் பிளாங்கோ பள்ளத்தாக்கில் குவாஹாடிகள் கர்னல் மெக்கன்சியின் படைக்குதிரைகளை இரவோடு இரவாக ஓட்டிச் சென்றனர். மறு ஆண்டு மெக்கன்சி பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தார். இதற்கிடையே தோல் வணிகத்துக்காகக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. உணவும் உடையும் கூடாரமும் அவ்விலங்கே ஆதலின், 1874 ஜூனில் அடோபி வால்ஸ் என்னுமிடத்தில் தங்கியிருந்த வேட்டைக்காரர்களைக் குவானாவும் நேச இனத்தாரும் தாக்கினர். குண்டு துளைக்காது என ஈசாட்டாய் என்னும் அருளாளர் கூறிய வாக்கு பொய்த்தது. நெடுந்தூரத் துப்பாக்கிகள் வென்றன.

அதே ஆண்டு செப்டம்பர் 28-இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த கொமாஞ்சி, கையோவா, செயென் மக்களை மெக்கன்சி தாக்கினார். மனித உயிரிழப்பு சிறிதே. ஆனால் குளிர்காலத்துக்கெனச் சேமித்த உணவு எரிக்கப்பட்டது. கைப்பற்றிய குதிரைகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. குதிரையும் எருமையும் இன்றிச் சமவெளி வாழ்வு இல்லை. 1875 ஜூனில் குவாஹாடிகள் ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தனர்.

அதன்பின் குவானா மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு விட்டுத் தம் மக்களுக்கு வருவாய் தேடினார். கால்நடை முதலாளிகளுக்கு நெருங்கியவர் என அவரைக் குறைகூறியோர் அவர் மக்களிடையேயும் இருந்தனர். எனினும் பின்னிய கூந்தலையோ, பல மனைவியர் கொண்ட இல்லறத்தையோ, பெயோட்டி வழிபாட்டையோ அதிகாரிகளின் வற்புறுத்தலுக்காக அவர் கைவிடவில்லை. 1901-இல் ஒதுக்கீட்டு நிலமும் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

1910-இல் தாயின் எச்சங்களை டெக்சாஸிலிருந்து கொணர்ந்து ஓக்லஹோமாவில் அடக்கம் செய்தார் குவானா. மறு ஆண்டு பிப்ரவரியில் அவரும் அத்தாயின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். போரில் இழந்த நிலத்தை அவரால் மீட்க இயலவில்லை. போரில் இழந்த தாயை மட்டும் மீட்டார்.