'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கி வைத்த சிரிப்பு

கையில் பணம் இல்லை. ஆனால் கம்பெனிக்குப் பெயர் மட்டும் வைத்தாகிவிட்டது. 1964-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் ஏற்ற செல்லப்பாவின் நிலைமை இதுதான். கம்பெனியின் பெயர் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'. முதல் போட வேண்டியவர் அப்பா டி.எஸ். பாலையா. அவரிடம் செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சிரித்து வருகிறார்கள்.

கணினி யுகத்தில் புதுத்தொழில் தொடங்கும் இளைஞர்கள் முதலீட்டாளர் முன் நின்று திட்டத்தை விளக்குகிறார்களே, அதற்கு முன்னோடி இந்தக் காட்சிதான். அதில் பேசுபவர் நாகேஷ் ஒருவரே. ஆனால், சிரிப்பில் பாதி கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. கூட்டு நடிப்பின் இரகசியம் அதுதான்.

கணினிக் கம்பெனியின் கலாட்டா

அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய 'சிலிக்கான் வேலி' இதே உத்தியைக் கையாண்டது. ஆறு பருவங்கள், 53 பாகங்கள். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக் ஜட்ஜ் இயற்பியல் பட்டதாரி. 1980-களில் அந்தப் பள்ளத்தாக்கில் சிறிது காலம் பொறியாளராக வேலை பார்த்தவர்.

கணினிக் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளை விற்க முயலும் 'பைட் பைப்பர்' என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தின் கதை அது. கோப்பைச் சுருக்குவதில் சாதாரண நேயருக்கு என்ன சிரிப்பு வரும்? ஆகவே ஆட்களை முன்னிறுத்தினார்கள். திறமை இருந்தும் நாலு பேர் முன் பேச நா எழாத ஒருவன். வீட்டைக் கொடுத்துவிட்டு வாயால் வெட்டி முறிக்கும் ஒருவன். ஒரே அறையில் அமர்ந்து ஓயாமல் மல்லுக்கட்டும் இரண்டு நிரலர்கள். தொழில்நுட்பம் புரியாதவருக்கும் இந்தச் சண்டை புரிந்தது.

அந்தக் கூட்டுக்குச் சோதனையும் வந்தது. முதலீட்டாளராக நடித்த கிறிஸ்டோபர் இவான் வெல்ச், முதல் பருவத்தின் படப்பிடிப்பு முடியும் முன்பே 2013 டிசம்பரில் காலமானார். வீட்டுக்காரராக நடித்த டி.ஜே. மில்லர் 2017-இல் விலகினார். தொடர் நின்றுவிடவில்லை. அதே வீட்டில் ஓரமாக இருந்த ஜிம்மி யாங்கின் பாத்திரத்திற்குக் கூடுதல் இடம் கிடைத்தது. ஒருவர் நகர்ந்தால் பின்னால் நிற்பவர் தெரிய வேண்டும். எல்லாப் பாரத்தையும் ஒரே நாயகன் தோளில் ஏற்றிய தொடருக்கு இந்த வசதி கிடையாது.

கிளைத் தொடர் எப்போது தழைக்கும்?

துணைப் பாத்திரத்தைத் தனியே பிரித்து இன்னொரு தொடர் எடுப்பதும் எளிதல்ல. 'சியர்ஸ்' தொடரில் 1984-இல் இடையில் வந்து சேர்ந்த பாத்திரம் மனநல மருத்துவர் ஃபிரேசியர். அவரை வேறு ஊருக்கு அனுப்பி, தந்தையோடும் தம்பியோடும் சேர்த்தார்கள். 1993-இல் தொடங்கிய அந்தக் கிளைத் தொடர் 2004 வரை ஓடியது. 'ஃபிரண்ட்ஸ்' தொடரிலிருந்து பிரிந்த 'ஜோயி'யோ 2004-இல் தொடங்கி 2006-இல் முடிந்துவிட்டது. பிரபலம் மட்டும் கைகொடுக்காது. போகும் இடத்தில் அந்தப் பாத்திரத்திற்குப் புதிய உறவும் புதிய சிக்கலும் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் டி.வி.எஃப். நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'பிச்சர்ஸ்' வேலையை விட்டுத் தொழில் தொடங்கும் நான்கு நண்பர்களின் கதை. ஐந்தே பாகங்களில் பெயர் பெற்றது. இரண்டாம் பருவம் 2022-இல்தான் வந்தது. அதற்குள் நால்வரில் ஒருவரான ஜிதேந்திர குமார், 2020-இல் வெளியான 'பஞ்சாயத்' தொடரின் நாயகனாக வேறு வழியில் உயர்ந்திருந்தார். பட்டம் பெற்ற நகரத்து இளைஞன் மனமில்லாமல் ஒரு கிராமத்து அலுவலகத்தில் வந்து சேரும் கதை அது. அதே நிறுவனத்தின் 'ஆஸ்பிரன்ட்ஸ்' தொடரின் துணைப் பாத்திரங்களை வைத்து 2023-இல் இரண்டு கிளைத் தொடர்கள் வந்தன.

தமிழிலும் இம்முயற்சிகள் உண்டு. விஜய் தொலைக்காட்சியின் 'ஆபீஸ்' 2013-இல் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தையே களமாக்கியது. 'பஞ்சாயத்' கதையை 'தலைவெட்டியான் பாளையம்' என்று 2024-இல் தமிழில் இயக்கியவர், 'ரமணி வெர்சஸ் ரமணி' புகழ் நாகா.

அன்னாசி நகரத்துக் கதை

மலேசியாவிற்கும் இந்தக் களம் அந்நியமல்ல. சைபர்ஜெயா 1997-இல் திறக்கப்பட்டது. இன்று 'கிராப்' எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனம், 2012-இல் கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற பெயரில்தான் தொடங்கியது. வென்றவர்களின் வரலாறு ஏட்டில் ஏறிவிடும். ஆனால் தொடங்கப்படும் நிறுவனங்களில் பல மூடப்படுகின்றன. கதவை மூடிய பிறகு அந்தக் கணக்காளரும் நிரலரும் எங்கே போகிறார்கள்?

சிலர் சொந்த ஊருக்குத்தான் போகிறார்கள். அந்த ஊர் ஜொகூர், பொந்தியான் வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் என்று வைத்துக்கொள்வோம். பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. அன்னாசிக்கென்று அருங்காட்சியகமும் உண்டு. சைபர்ஜெயாவில் தோற்ற இளைஞன், கைப்பேசிச் செயலி வழி அன்னாசி விற்கப் போவதாக வீட்டில் அறிவிக்கிறான். 'மூன்றே மாதத்தில் வளர்ச்சி' என்கிறான். நட்ட அன்னாசி காய்க்கவே ஓராண்டுக்கு மேலாகும் என்பது அப்பாவுக்குத் தெரியும். சீனத் தோட்டக்காரர், மலாய் லோரி ஓட்டுநர், சாலையோரப் பழக்கடை அக்கா என்று கூட்டு நடிப்புக்கு ஆட்களும் தயார். மகன் விளக்கி முடிக்கும்வரை அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரிப்பும் கவலையும் அந்த முகத்தில்தான் இருக்கின்றன.

செல்லப்பா முதல் கேட்டதும் அப்பாவிடம்தான். நாகரிகம் மாறலாம், கேட்கும் இடம் மாறவில்லை. தோற்று வந்தவனை வீடு எப்படி வரவேற்கிறது என்பதை மனம் புண்படாமல் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் தொடரை நம் நாட்டுப் படைப்பாளிகள் எடுத்தால், அதைப் பார்க்கும் பல வீடுகளில் நெடுநாளாகப் பேசாதிருக்கும் அப்பாவும் மகனும் ஒருவேளை பேசத் தொடங்குவார்கள்.