உங்க பேஸ் போச்சு தம்பி!

ஏனாத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சப்போ, ஒரு ராத்திரி என் ரூம் இருட்டு. எதிர் வீட்டுல தறி மேல லைட் எரியுது. "உங்க பேஸ் போச்சு தம்பி"ன்னார் நெசவுக்காரர்.

தெரு டிரான்ஸ்பார்மர்ல இருந்து மூணு பேஸ் கம்பி, ஒரு நியூட்ரல் வெளிய வருது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஒரு பேஸ் உச்சம் தொட்டு 6.67 மில்லிசெகண்ட் கழிச்சுதான் அடுத்தது தொடும். அந்த 120 டிகிரி தள்ளல்தான் விஷயமே. லோடு சமமா இருந்தா மூணு கரண்ட்டும் கூட்டினா பூஜ்யம். நியூட்ரலுக்கு வேலையே இல்ல. தனித்தனியா அனுப்பினா ஆறு கம்பி வேணும், இங்க மூணே போதும்.

1891ல டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி குழு ஜெர்மனியில லாஃபன்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் இப்படித்தான் மின்சாரம் அனுப்பிக் காட்டுச்சு.

வீடுகளை மூணு பேஸுக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. டிரான்ஸ்பார்மர் கீழ இருக்கிற ஒரு பியூஸ் போனா அந்தப் பேஸ் வீடுகள் மட்டும் இருட்டு. அவர் வேற பேஸ்.

அன்னிக்கு அவர் நெய்ய, பக்கத்துல உட்கார்ந்து மறுநாள் பரீட்சைக்குப் படிச்சேன். எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பேப்பர்!