இக்னிஷன் காயில் டுவெல்: கோளாறு கண்டறிதல்

டுவெல் என்பது இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரம் ஓடும் நேரம். மில்லி விநாடியில் அளப்பார்கள். அந்த நேரத்தில் காயிலின் இரும்புக் கருவில் காந்தப்புலம் சேர்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அது சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டாகி ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. காரோடு வரும் ஈ.சி.யு.வில், அதாவது எஞ்சினை ஆளும் கணினியில், இந்த நேரத்தைத் தயாரிப்பாளரே அளந்து பதித்திருப்பார். அதைக் கழற்றிவிட்டு ஹால்டெக், மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈ.சி.யு.வை வைத்தால் அந்தப் பொறுப்பு பொருத்துபவருடையது. மலேசியாவில் இது அரிதான வேலையல்ல. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் ‘ஆஃப்கட்’ கார்களின் எஞ்சினை, குறிப்பாக மிட்சுபிஷி 4ஜி63 டர்போவை, புரோட்டோன் வீராவில் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். 1999இல் திறந்த செப்பாங் பந்தயத் தடத்தில் அப்படிப்பட்ட கார்கள் ஓடுகின்றன. ஆஃப்கட்டோடு வரும் காயிலுக்கு எந்தத் தாளும் கூட வருவதில்லை. ஆகவே டுவெல் எண்ணை இன்னொரு காரிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

டுவெல்லை முதன்மையாக ஆள்வது காயிலை வந்தடையும் வோல்ட்டேஜ்தான். வேகமும் வெப்பமும் அதற்குப் பின்னால்தான் வரும். கணக்குப் போட்டால் தெரியும். தூண்டல் 4 மில்லிஹென்றி, காயிலின் தடை 0.5 ஓம், ஒயர் முதலியவற்றின் தடை 0.2 ஓம் என்று ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் 7 ஆம்பியர் சேர ஏறத்தாழ 2.5 மில்லி விநாடி ஆகும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 7 ஆம்பியருக்கு 3.9 மில்லி விநாடி வேண்டும். நேரத்தை மாற்றாமல் விட்டால் 5 ஆம்பியர்தான் சேரும். ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் பொறியின் வலு பாதியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஓடத் தொடங்கியபின் நன்றாக ஓடும் காரில் பெட்ரோல் பம்பைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரி வோல்ட்டேஜுக்கான திருத்த அட்டவணையைப் பார்ப்பதே முறை.

மலேசிய வெயிலே காயிலைக் கெடுக்கிறது என்று சொல்வதுண்டு. செம்பின் தடை சூட்டில் ஏறும் என்பது உண்மை. 20 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போனால் 30 விழுக்காட்டுக்கும் சற்று மேல். ஆனால் மேற்சொன்ன காயிலில் அது 7 ஆம்பியரை 6.7க்குத்தான் இறக்குகிறது. காயில் வெந்துபோவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, அளவுக்கு மீறிய டுவெல்லால். நேரம் கூடினால் பொறி வலுக்கும் என்ற நம்பிக்கை இரும்புக் கரு நிறைவடையும் வரைக்கும்தான் சரி. அதற்குமேல் தூண்டல் சரிந்து மின்னோட்டம் தாறுமாறாக ஏறும், கூடுதல் ஆற்றல் வெப்பமாகவே போகும். 5 மில்லி விநாடி கொடுத்தால் நிறைவைக் கணக்கில் சேர்க்காமலேயே 11 ஆம்பியரைத் தாண்டும். காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் இக்னைட்டரின் டிரான்சிஸ்டருக்கும் அது ஆபத்து.

வேகம் பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரே காயில் எல்லாவற்றுக்கும் பொறி கொடுக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் இரண்டு பொறிகளுக்கிடையே 3.75 மில்லி விநாடிதான் உண்டு. டுவெல் 2.5, பொறி எரிய 1.5 என்றால் இடம் போதாது. கேள்வி நியாயமானதே. ஆனால் அது உச்சவரம்பு மட்டும். எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அது சொல்லாது. 4ஜி63 டர்போவில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில். அதே வேகத்தில் 7.5 மில்லி விநாடி கிடைப்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழாது.

சரியான எண்ணைக் காணச் சிறந்த வழி, மின்னோட்ட கிளாம்ப்பை ஆசிலோஸ்கோப்பில் இணைத்து ஏறுமுகக் கோட்டைப் பார்ப்பது. கோடு திடீரென மேல்நோக்கி வளையும் இடத்தில் கரு நிறைகிறது. டுவெல் அதற்கு முன்னே நிற்க வேண்டும். கோடு உச்சியில் தட்டையாகிவிட்டால் இக்னைட்டர் தானே மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது என்று பொருள். அந்தத் தட்டையான நேரமெல்லாம் வீண் சூடு. ஈ.சி.யு. காட்டும் வோல்ட்டேஜை மட்டும் நம்பக் கூடாது. பழைய ஒயரிங்கிலோ ரிலேயிலோ ஒரு வோல்ட் தொலைந்திருக்கலாம்; எஞ்சின் ஓடும்போதே காயிலின் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட மோசமானது ஈ.சி.யு.வின் இக்னிஷன் வெளியீட்டின் திசை தலைகீழாக இருப்பது. ஈ.சி.யு. ‘ஓய்வு’ என்று நினைக்கும் நேரத்தில் காயில் ஏறிக்கொண்டிருக்கும். டுவெல் தொடங்க வேண்டிய கணத்திலேயே பொறி பறக்கும். 3 மில்லி விநாடி டுவெல் என்றால் 1,000 சுற்றில் 18 பாகை முன்கூட்டி வெடிக்கும்; வேகம் ஏற ஏற அந்தப் பிழையும் ஏறும். டைமிங் லைட்டில் குறி இப்படி ஓடினால் அட்டவணையைத் தொடாமல் திசையைத்தான் மாற்ற வேண்டும். சாவியைத் திருப்பியதுமே, எஞ்சின் ஓடாமலேயே, காயில் சுடுவதும் இதற்கே அடையாளம். ஈ.சி.யு.வில் புது மென்பொருள் ஏற்றும்போது அதன் வெளியீடுகள் எந்நிலையில் நிற்கும் என்பது உறுதியில்லை. காயிலின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு ஏற்றுவதே பாதுகாப்பு.