நூல் நிலைய மாநாடுகள்: மேடைப் பேச்சும் இரவுக் கதையும்

நூல் நிலைய மாநாடு என்றவுடன், அட்டவணையும் அலமாரியும் பற்றி நீண்ட கட்டுரை படிக்கும் சிலரும், அதைக் கேட்டவாறே கண்ணயரும் பலரும் நம் மனக்கண் முன் தோன்றுதல் இயல்பே. ஆயின் இந்நாட்டில் இவ்வகை மாநாடுகள் முளைவிட்ட காலத்தில் நிலைமை வேறு. எழுத்தறியாதவர் மிகுந்திருந்த நாட்டில் புத்தகத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே யாரைப் பேச அழைப்பது, இரவில் எதைக் காட்டி மக்களை இருத்துவது என்பன அலங்கார வினாக்களாக இல்லை. இயக்கத்தின் உயிர் அவற்றில் இருந்தது.

1914ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், ஆந்திர நாட்டு நூல் நிலையத்தார் கூடினர். அப்போது அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தமிழரும் தெலுங்கரும் ஒரே ஆட்சியின் கீழ் வாழ்ந்த காலம் அது. ராஜா ராம்மோகன் ராயரின் பெயர் தாங்கிய நூல் நிலையம் அங்கு 1911இலேயே தோன்றியிருந்தது. மாநாட்டுக்கு முன்னின்று உழைத்த அய்யங்கி வெங்கட ரமணய்யா 1890இல் பிறந்தவர். இருபத்து நான்கு வயதும் நிரம்பாத இளைஞர். ஆந்திர தேச நூல் நிலையச் சங்கம் அன்று அமைந்தது. மாகாண அளவில் நூல் நிலையங்களுக்கென எழுந்த சங்கங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது என்பர்.

அந்த மாநாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் கலெக்டரும் அல்லர், ஜமீன்தாரும் அல்லர், ஒரு நாடகாசிரியர். சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம் என்னும் அப்பெரியார் இளமை முதலே கண்பார்வை குன்றியவர். அந்தி சாய்ந்தால் அவருக்கு உலகம் இருண்டுவிடும். பின்னர்ப் பார்வை முற்றும் போயிற்று. தெலுங்கு மக்கள் அவரை ‘ஆந்திர மில்டன்’ என்று வழங்கினர். பிறர் படிக்கக் கேட்டும், தாம் சொல்லப் பிறரை எழுதச் செய்தும் வாழ்ந்த ஒருவர், புத்தகம் படிக்க வாருங்கள் என்று நாட்டை அழைக்கும் அவைக்குத் தலைவரானார். இதனினும் பொருத்தமான தேர்வு வேறொன்று இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு. புத்தகத்தின் அருமை, அதனைத் தாமே விரித்துப் படிக்க இயலாதவர்க்கல்லவா முழுதும் தெரியும்!

அவரைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் எளிதில் ஊகிக்கத்தக்கது. 1890இல் அவர் இயற்றிய ‘கயோபாக்யானம்’ என்னும் நாடகம் தெலுங்கு நாடெங்கும் ஆடப்பெற்றது.  அச்சிட்ட படிகள் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன என்பர். பிற்காலத்தில் ஆந்திர கேசரி என்று புகழ்பெற்ற பிரகாசம் பந்துலு தம் இளமையில் அந்நாடகத்தில் வேடம் புனைந்து நடித்தவர். 1963இல் வெளிவந்த ‘ஸ்ரீகிருஷ்ணார்ஜுன யுத்தம்’ என்னும் தெலுங்குப் படத்தின் கதையும் அந்த நாடகத்தின் வழிவந்ததே. ஆக, சிலகமர்த்தியாரைக் காண வந்த கூட்டத்தில் நூல் நிலையத்தின் வாசற்படியை மிதித்திராதவர் பலர் இருந்திருப்பர். அவர் நாடகத்தை அறியாதவர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

மேடையில் அவருடைய ஆற்றலை நாடு முன்னரே கண்டிருந்தது. 1907இல் விபின சந்திர பாலர் ராஜமகேந்திரபுரத்தில் ஆங்கிலத்தில் முழங்கியபோது, அதைத் தெலுங்கில் பெயர்த்துச் சொன்னவர் இவரே. இறுதியில், பாரத நாட்டைக் கறவைப் பசுவாகவும், கன்றுகளின் வாயைக் கட்டிவிட்டுப் பாலைக் கறந்துகொள்வோராக ஆங்கிலேயரையும் உருவகித்து ஒரு செய்யுள் சொன்னார். விருந்தினரின் பேச்சைக் காட்டிலும் அந்த ஒரு செய்யுளே ஊர் ஊராகப் பரவியது! 1909இல் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்கு அவ்வூரில் ராம்மோகன் பெயராலேயே ஒரு பாடசாலையும் நிறுவினார். இத்தகையவரைத்தான் பெஜவாடா இளைஞர்கள் அழைத்தனர்.

மாநாடு ஒருநாள் நிகழ்ச்சி. ஊர்களுக்கு அதனைக் கொண்டு சென்றவை யாத்திரைகள். ‘கிரந்தாலய யாத்திரை’ என்ற பெயரில் தொண்டர்கள் குழுவாகப் பாடிக்கொண்டு சிற்றூர்தோறும் சென்றனர். நூல் நிலையங்களில் புராண காலட்சேபமும் ஹரிகதையும் பஜனையும் நடந்தன. இரவுப் பாடசாலைகளும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தன. 1935இல் பாதூரி நாகபூஷணம் குண்டூர் மாவட்டத்துக் கால்வாய்களில் படகிலேயே நூல் நிலையத்தை மிதக்கவிட்டார். தலைமை தாங்கினோர் பெயர்களை வரலாறு வரிசையாகக் கூறுகின்றது. விளக்கு வெளிச்சத்தில் கதை சொல்லிக் கூட்டத்தைக் கட்டி வைத்தவர்களைப் பொதுவாகக் ‘கலைஞர்கள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றது. இது நேர்மையன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவனுக்கு அந்த ஹரிகதைக்காரரே முதல் நூல் நிலையம்.

பரோடா சமஸ்தானத்தில் இதே வேலையை அரசே செய்தது. மகாராஜா சாயாஜிராவ் 1910இல் அமெரிக்காவிலிருந்து பார்டன் என்னும் நூலகரை வருவித்தார். புத்தகப் பெட்டிகள் சிற்றூர்களுக்குச் சுற்றுக்கு அனுப்பப்பட்டன. அவற்றோடு, காட்சி வழிக் கல்விக்கென நூலகத் துறையிலேயே ஒரு பிரிவு இருந்தது. மாய விளக்குப் படங்களும் சலனப் படங்களும் ஊர் ஊராக இலவசமாகக் காட்டப்பட்டன. சினிமா வாசிப்பைக் கெடுத்தது என்று இன்று வருந்துவோர், அதே சினிமா ஒரு காலத்தில் நூலகத்தாரின் கையாளாகப் பணிபுரிந்ததை அறிதல் நன்று. 1919இல் சென்னையில் கூடிய அகில இந்தியப் பொது நூல் நிலைய மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்த குடால்கரும் பரோடா நூலகத் துறையினரே.

அதன்பின் இம்மாநாடு சில காலம் காங்கிரசின் நிழலில் நடந்தது. 1924இல் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் காங்கிரஸ் கூடியபோது, அதன் அருகிலேயே நடந்த நூல் நிலைய மாநாட்டுக்குத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தலைமை தாங்கினார். அந்தக் காங்கிரஸ் பந்தலில் பாடிய சிறுமியருள் ஒருவர், பின்னாளில் இந்துஸ்தானி இசையின் சிகரங்களுள் ஒருவராக விளங்கிய கங்குபாய் ஹங்கல்.

பேச்சு மட்டுமே தனித்து நின்று வென்ற இடமும் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. 1928 டிசம்பரில் சிதம்பரத்து மீனாட்சி கல்லூரியில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில், சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியரும் நூலகருமான சீ. இரா. அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை முதன்முதலாக மக்கள் முன் வைத்தார். நூல்கள் பயன்படுத்தற்கே என்பது முதல் விதி. அதற்குச் சொல்லுருவம் கொடுத்தவர் அவருடைய கணித ஆசான் எட்வர்டு ராஸ் என்பது அரங்கநாதனாரே நன்றியோடு கூறிய செய்தி. மூன்றாண்டு கழிந்து, 1931 அக்டோபரில், மன்னார்குடியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி ஊர்களை நோக்கிப் புறப்பட்டது.

நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் கச்சேரிக்கு இடம் போதாமலும், நூல் நிலைய அலமாரியின் சாவி செயலாளரின் சட்டைப்பையிலும் இருப்பதைப் பலரும் குறையாகச் சொல்கின்றனர். கச்சேரியைக் குறைத்தால் அலமாரி திறந்துவிடும் என்று அவர்கள் எண்ணுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. கேரள நாட்டின் அனுபவம் அதற்கு மாறானது. 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூல் நிலையங்களை ஒன்று கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாட்டு நூல் நிலைய ஆண்டு விழாக்களில் நாடகமும் கதாப்பிரசங்கமும் இன்றியமையாதன ஆயின. 1960களில் வி. சாம்பசிவன் என்னும் கதாப்பிரசங்கக் கலைஞர் டால்ஸ்டாயின் நாடகம் ஒன்றை ‘அனீஸ்யா’ என்ற பெயரில் பாட்டும் வசனமுமாகச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வையும் அவ்வாறே கொடுத்தார். வயல் வேலை முடித்து வந்தவர்கள் திறந்தவெளியில் அமர்ந்து அவற்றைக் கேட்டனர். 47இல் தொடங்கிய நூல் நிலையங்களின் தொகை ஆயிரங்களாகப் பெருகியது. 1975இல் அச்சங்கத்தின் எழுத்தறிவுப் பணிக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா பரிசு கிடைத்தது.