காசை வேற பக்கம் கொண்டுபோனவங்க: ஒரு மளிகைக் கடையின் கதை

போர், ராஜா, பேரரசு எல்லாம் நிறைய பார்த்துட்டோம். இன்னைக்கு ஒரே ஒரு மளிகைக் கடை.

அமெரிக்காவோட மிசிசிப்பி மாநிலத்துல 'மனி'ன்னு ஒரு சின்ன ஊர். காசுக்கான இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனா வந்தது ஹெர்னாண்டோ மனி என்ற செனட்டர் பேரிலிருந்து. சுத்தி முழுக்க பருத்திக் காடு. அதுல உழைச்சவங்க பெரும்பாலும் கறுப்பின வாரக் குடியானவர்கள். நிலம் முதலாளியோடது, விதையும் சாமானும் கடன், அறுவடை முடிஞ்சதும் கணக்கு. அந்த நோட்டும் முதலாளி கையிலதான். வருஷம் முழுக்க உழைச்சும் கடைசியில கடனாளியா நின்னவங்க ஏராளம்.

இவங்களை நம்பித்தான் அங்க பிரையன்ட் மளிகைக் கடை ஓடிச்சு. இளம் வெள்ளையின தம்பதி ராய், கரோலின் நடத்தினது. கடைக்குப் பின்னாடியே வீடு. வாடிக்கையாளர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பர்கள்.

1955 ஆகஸ்ட் 24. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயசு எம்மெட் டில், பபிள் கம் வாங்க அந்தக் கடைக்குள்ள போனான். வெளியே வந்தவன் கரோலினைப் பார்த்து விசிலடிச்சான்னு கூட இருந்த உறவுக்காரப் பையன் பின்னாளில் சொன்னார். ஆகஸ்ட் 28 நடுராத்திரி, ராயும் அவரோட அண்ணன் மைலமும் சிறுவனைத் தூக்கிட்டுப் போனாங்க. மூணு நாள் கழிச்சு, கழுத்தில் பருத்தி ஜின் விசிறி கட்டப்பட்ட நிலையில் அவன் உடல் டலஹாச்சி ஆற்றில் கிடைத்தது.

செப்டம்பரில் சம்னர் நகரில் விசாரணை. சிறுவனோட பெரிய தாத்தா மோஸ் ரைட், உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும், எழுந்து நின்னு குற்றவாளிகளைக் கை நீட்டிக் காட்டினார். ஆனா ஜூரிகளை எடுத்தது வாக்காளர் பட்டியலிலிருந்து. அந்த மாவட்டப் பட்டியலில் கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை. 12 வெள்ளையின ஆண்கள் 67 நிமிஷத்தில் 'குற்றமற்றவர்கள்'னு சொல்லிட்டாங்க. 1956 ஜனவரியில் இருவரும் பணம் வாங்கிக்கொண்டு 'லுக்' பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டாங்க. ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாதுன்னு சட்டம் இருந்ததால தண்டனை இல்லை.

இங்கதான் மறுபடி கடைக்கு வரணும். ஓட்டு இல்லை, ஜூரியில் இடமில்லை, குடியிருந்த வீடுகூட முதலாளியோடது. அந்த மக்கள் கையில மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு: சோடாவுக்கும் புகையிலைக்கும் கொடுக்கிற சில்லறை. அதை அந்தக் கடையில கொடுக்கிறதை நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள்லயே பிரையன்ட் குடும்பம் கடையைக் கைவிட வேண்டியதாச்சு. உலகமே அறிந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு தொடங்கியது அதே வருஷம் டிசம்பரில். ஆனா மனி ஊர்ப் புறக்கணிப்புக்கு நாம பேர் சொல்ற தலைவர் யாரும் இல்லை.

கட்டடம் இப்போ கொடி படர்ந்த செங்கல் இடிபாடு. 2011ல் வாசலில் ஒரு நினைவுப் பலகை வச்சாங்க. பக்கத்து பெட்ரோல் பங்க்கைப் பழைய தோற்றத்துக்குப் புதுப்பிச்சாங்க, கடையை விட்டுட்டாங்க. 2023ல் டில் பேரில் அறிவிச்ச தேசிய நினைவுச்சின்னத்தின் மூணு இடங்களிலும் இந்தக் கடை இல்லை.

நீதிமன்றம் அவங்களை விடுதலை செஞ்சது. கடைக்கு வர்ற வழியை மாத்திக்கிட்டவங்க செய்யல. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.